கண் டாக்டருக்குப் போகிறோம்

எங்கள் பக்கம் பஸ் ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நாலு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய். சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவள் என்பார்கள். அதனால் நானும் என் வீட்டுக்காரர் தம்பிதுரையும் தொண்டாமுத்தூரில் பஸ் ஏறிய அன்றைக்கு, கேட்ட அத்தனை பேரிடமும் கோயமுத்தூருக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். அவருக்குப் பார்வை மங்குகிறது என்று ஒரு பொய். சொட்டு மருந்து போட்டும் கேட்கவில்லை என்று அதற்கு மேல் ஒரு பொய். பின் சீட்டில் இருந்த சுந்தரராஜுலு என்ற பெரியவர் பொன்னாங்கண்ணிக் கீரையின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்து, மகள் வீடு இருக்கும் வடவள்ளியில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொய் சொல்லச் சொன்னதே அவர்தான். மனசு டாக்டரிடம் போகிறோம் என்று ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்தாலும் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று சொல்லி, என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சட்டையை மாட்டினார்.

என் பெயர் தெய்வாத்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்கள் மரியாதைக்குச் சேர்த்துக்கொள்வது.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தொண்ணூற்றாறாம் வருசம் ஆடி மாதம். அதற்கு முந்தைய கார்த்திகையில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் அங்கப்பன் செத்துப்போனார். எங்கள் தோட்டத்து ஆள். ஆள் என்று சொல்வதுதான் வழக்கம். உண்மையில் அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே வயது, பத்து வயதிலிருந்து ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். அன்று விடியும் நேரம் கரண்ட் வந்ததும் மோட்டார் எடுத்துவிடப் போனவரை, வாழைக்குள் நின்றிருந்த ஒற்றை யானை அடித்துப்போட்டது. போலீஸ் வந்தது, காட்டிலாகாக்காரர்கள் வந்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மெல்ல மெல்ல வேறு எதற்கும் திறக்கவில்லை.

வாழைப் பக்கம் போவதை நிறுத்தினார். தோட்டத்தை நான் பார்த்துக்கொண்டேன். வைத்ததைச் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பயந்திருக்கிறார் என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டோம், வெள்ளைப்பூ வந்தது, எல்லாம் சரியாகும் என்றார்கள். சரியாகவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், சோறு போட்டுவிட்டு அவரைத் தேடினேன். வீட்டுக்குப் பின்னால் கிணற்று மேட்டில் அவர் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. அவர் விளிம்பில் நின்றிருந்தார். தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவன் செருப்பைக் கழற்ற மாட்டான். கத்தினால் என்ன ஆகுமோ என்று கத்தவில்லை. நடந்து போய்ப் பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, சோறு ஆறுகிறது என்றேன். வந்தார். சாப்பிட்டார். அவர் கை கழுவுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மனுசனை நான் கிணற்றுக்குக் கொடுக்கப் போவதில்லை. ஊர் என்ன சொன்னாலும் சரி, அவரே வேண்டாம் என்றாலும் சரி.

மறுநாள் காய்ச்சலுக்குப் பார்க்கும் தொண்டாமுத்தூர் டாக்டரிடம் போனேன். செருப்பு விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தூக்கத்துக்கு மாத்திரை தருகிறேன், அதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது மாத்திரையால் மட்டும் தீராது, கோயமுத்தூரில் இஸ்மத் என்று ஒரு அம்மா இருக்கிறார், உட்கார வைத்துப் பேசுவார், பேசிப் பேசியே குணமாக்குவார் என்று சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

எனக்கே அது நம்பிக்கையாக இல்லை. பேசினால் குணமாகும் என்றால் என் வாய்க்கு இந்நேரம் ஊரே குணமாகியிருக்க வேண்டும். ஆனாலும் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னதும் என் கொழுந்தனார் சென்னகிருஷ்ணன் குதித்தார். அங்கே போனால் சங்கிலி போடுவார்கள், தலைக்குக் கரண்ட் வைப்பார்கள், அப்புறம் ஆள் ஆளாகவே இருக்க மாட்டான் என்றார். இரண்டு வருசத்தில் உங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், விசாரிக்க வருகிறவன் டீக்கடையில் கேட்டால் அப்பன் பைத்தியம் என்றுதானே சொல்வார்கள் என்றார். உங்கள் அண்ணன் பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தால் எனக்குப் போதும், நல்லவன் என்ற பேரோடு போட்டோவில் தொங்க வேண்டாம் என்றேன். அவர் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

"வேண்டாம் அம்மணி. எனக்கு ஒண்ணுமில்ல. இது பேசிக் கரைக்கிற வெசனமில்ல. கெடக்குட்டும் உடு."

வெசனம் ஒன்று இருக்கிறது என்று எட்டு மாதத்தில் அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் விடவில்லை. ஒரே ஒரு தடவை வருகிறேன், கண் டாக்டர் என்று சொல்வதானால் வருகிறேன் என்றார்.

இப்படித்தான் அந்த முதல் வியாழக்கிழமை நாங்கள் பஸ் ஏறியது. வெறுங்கையோடு ஒருவர் இடத்துக்குப் போகக் கூடாது என்று ஒரு சீப்புப் பூவன் பழமும் ஆறு தேங்காயும் பையில் எடுத்துக்கொண்டார்.

இஸ்மத்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தார். அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, தண்ணீர்ச் சொம்பு. வேறு எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் மூலையில் ஓடிய டேபிள் ஃபேனின் ஒயரைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு தேங்காய்ப் பையை மேசை மேல் வைத்துவிட்டு, அந்த அம்மா வாயைத் திறக்கும் முன்பே விசாரிக்க ஆரம்பித்தார். உங்களுக்கு எந்த ஊருங்க, குழந்தைகள் எத்தனைங்க, இங்கே குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருதுங்க. எட்டு மாதமாக என்னிடம் பேசாத மனுசன்! அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நல்லா இருக்கறனுங்க. உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்.

வேறு மாதிரி மாற்றிக் கேட்டார். தூக்கம் நல்லா வருதுங்க. சாப்பாடு நல்லா செல்லுதுங்க. மனசுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு மணி நேரம் இப்படியே போனது. எழுந்து கும்பிட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரவேண்டும் என்று அழைப்பும் வைத்துவிட்டு வெளியே வந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்பி வரும்போது, பார்த்தாச்சல்ல என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. கூப்பிட்டேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். அசையவில்லை. சரி, வாங்கிய நேரம் வீணாகக் கூடாது என்று கொழுந்தனாரை ஆள் அனுப்பி வரவழைத்து, அண்ணனை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் பஸ் ஏறினேன். இந்தத் தடவை என் கண்ணுக்குப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். குடும்பத்தோடு கண் போய்விட்டது என்று பஸ்ஸில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

அறைக்குள் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பேசாததற்கு அந்த அம்மாவைக் கோபித்துக்கொண்டேன்.

"எங்க பக்கம் நல்லா இருக்கறீங்களான்னு கேட்டா, நல்லா இருக்கறோம்னுதானுங்க சொல்லோணும். ஊடு பத்தி எரிஞ்சாலும் அப்பிடித்தானுங்க சொல்லுவோம். அப்பிடிக் கேட்டா அவரு எப்பிடிங்க சொல்லுவாரு?"

அந்த அம்மா கோபப்படவில்லை. அப்படியென்றால் உங்கள் பக்கத்து ஆண்கள் கெட்டதை எங்கேதான் சொல்வார்கள் என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எழவு வீட்டில் சொல்வார்கள் என்றேன். அங்கே யாரும் நல்லா இருக்கிறாயா என்று கேட்பதில்லை. வருகிற ஆண்கள் இரண்டு கையையும் நீட்டுவார்கள், செத்தவரின் வீட்டு ஆள் அந்தக் கைகளைத் தொடுவார். பிறகு தரையில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். அவர் முதலிலிருந்து சொல்வார். அடுத்த ஆள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் மாமனார் போனபோது என் வீட்டுக்காரர் அப்படி இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பார். முதல் நாள் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் இஸ்மத்தம்மா கேட்டார்.

"அங்கப்பன் இறந்தப்போ உங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து துக்கம் கேட்டது யாருங்கம்மா?"

"யாரும் கேக்கலீங்க. அங்கப்பன் எங்களுக்குச் சொந்தமில்லீங்களே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நாற்பது வருசம் ஒன்றாக இருந்த மனுசன். அவர் சாதிக்காரர்கள் அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டார்கள். எங்கள் சாதிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, வேலைக்கு வேறு ஆள் கிடைத்ததா என்று கேட்டார்கள். நானும் அதைத்தானே கேட்டேன். அவர் செத்த மூன்றாம் நாளே, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட யாரைக் கூப்பிடுவது என்று இதே வாயால் கேட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுத அழுகை, என்னைப் பெற்றவள் செத்தபோதுகூட அழவில்லை. அந்த அம்மா அழாதே என்று சொல்லவில்லை. சொம்பை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே வந்து பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பேசினால் என்ன ஆகும் என்று கேட்டவள் நான்தான்.

ஊரில் இறங்கியதும் நேராக அங்கப்பன் சம்சாரம் பழனியாத்தாளைப் பார்க்கப் போனேன். அவர்கள் தெருவுக்குள் என் வாழ்நாளில் நான் போவது அது இரண்டாவது தடவை. பழனியாத்தாள் அவசரமாக ஒரு சேர் எடுத்துப் போட்டாள். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கொடுக்கலாமா என்று அவள் தயங்கி நின்றாள். நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை, எட்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

மூடி மறைக்காமல் சொன்னேன். கிணறு, செருப்பு, டாக்டரம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். மனசுக்கு டாக்டர் பார்ப்பதெல்லாம் வேலை வெட்டி இல்லாத பெரிய வீட்டுக்காரர்களுக்கு என்று அவள் முதலில் சொன்னாள். மறுநாளே களையெடுக்கப் போனவள் நான், எனக்கு மனசைப் பார்க்க நேரம் யார் கொடுத்தார்கள் என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும். பிறகு அவளே சொன்னாள்.

"வந்தவிங்க எல்லாரும் எப்பிடி ஆச்சுன்னு எங்கிட்டத்தானுங்க கேட்டாங்க. எனக்கு என்னங்க தெரியும்? பாத்தவரு பண்ணாடி ஒருத்தருதான். அவரு சொல்லவே இல்லீங்களே. கேக்க எனக்கு வாயும் வல்லீங்க."

தோட்டத்துச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அவரிடம் போய் ஒன்றைக் கேட்பது அவளுக்கு வழக்கமில்லை. சொல்வது அவருக்கு வழக்கமில்லை. நடுவில் ஒரு மனுசனுடைய சாவு யாரும் தொடாமல் கிடந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை காலையில் பழனியாத்தாள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். கொட்டகைக்கு நேராக நின்று, உள்ளே இருந்தவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பண்ணாடி, நான் டவுனுக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் போறனுங்க. நீங்களும் வரோணும். என்ற ஊட்டுக்காரரு எப்பிடிப் போனாருன்னு எனக்கு இன்னும் யாரும் சொல்லல."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான்களை நான் போட்டுவிட்டேன்.

இஸ்மத்தம்மாவின் அறையில் பழனியாத்தாள் நாற்காலியில் உட்காரவில்லை. பழக்க தோசத்தில் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் தன் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவரும் இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அந்த அம்மாவும் எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்தார். நல்லா இருக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. பழனியாத்தாள்தான் கேட்டாள்.

"எப்பிடிங்க ஆச்சு?"

என் வீட்டுக்காரர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு மோட்டார் எடுக்க வேண்டியது அவர்தானாம். டீ ஆறட்டும், நீ போ, பின்னால் வருகிறேன் என்று அங்கப்பனை அனுப்பியிருக்கிறார். பின்னாலேயே போகவும் செய்திருக்கிறார். வாழைக்குள் யானை நின்றதைப் பார்த்ததும் மோட்டார் ரூம் மேலே ஏறிவிட்டார். அங்கப்பனுக்கு ஏற நேரம் இல்லை. இதைச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை.

"பண்ணாடி, பண்ணாடின்னு ரெண்டு தடவ கூப்புட்டான். மேல படுத்துட்டு இருந்தேன். சத்தம் போட்டா என் பக்கம் திரும்பீருமோன்னு பயம். இங்கிருக்கறன்டான்னு ஒரு சொல்லுச் சொல்லல. நான் வரலைன்னு நெனச்சுட்டே போயிட்டான்."

போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்ற அந்த ஒரே வாக்கியத்துக்குள் இவ்வளவையும் அடைத்து வைத்திருந்திருக்கிறார். பழனியாத்தாள் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் திடமாக இருந்தது.

"எறங்கி வந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. அது எனக்குத் தெரியுதுங்க. ஆனா மறுசொல்லுக் குடுத்திருக்கோணும். அதுக்கும் மேல எட்டு மாசம் எங்கிட்டச் சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுதானுங்க எனக்கு ஆறல."

"எனக்கும் ஆறல" என்றார் அவர்.

அந்த அம்மா ஆறிவிடும் என்று சொல்லவில்லை. யாரையும் மன்னிக்கச் சொல்லவில்லை. இன்றைக்கு இது போதும், அடுத்த வாரம் இரண்டு பேரும் வரவேண்டும், தனித்தனியாக வந்தாலும் சரி, ஒன்றாக வந்தாலும் சரி என்றார். கிணற்றுப் பக்கம் மறுபடி நினைப்பு போனால் உடனே மனைவியிடம் சொல்ல வேண்டும், நேரம் காலம் பார்க்கக் கூடாது என்று அவரிடம் நேராகவே சொன்னார். சரிங்க என்றார். நல்லா இருக்கறனுங்க என்று சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம், நடுவில் நான், என் பக்கத்தில் பழனியாத்தாள். வடவள்ளியில் அந்தப் பொன்னாங்கண்ணிப் பெரியவர் ஏறினார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, கண்ணு எப்பிடி இருக்குதுங்க? கீரை சாப்புடறீங்களா?"

நான் அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. மனசுக்குத்தானுங்க டாக்டரப் பாக்கறேன். என்ற கூட்டாளி அங்கப்பன் தவறிட்டானுங்க. எனக்குத் தாங்க முடியலீங்க."

பஸ்ஸில் நாலு தலை திரும்பியது. நாளைக்கே டீக்கடையில் இது ஓடும் என்று எனக்குத் தெரியும். ஓடட்டும். பெரியவர் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு குடையை மடியில் போட்டுவிட்டு, சீட்டுக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கைகளைத் தொட்டார். அங்கப்பனுக்காக அவரிடம் நீட்டப்பட்ட முதல் கைகள் அவை.

"எப்பிடிங்க ஆச்சு?" என்று கேட்டார் பெரியவர்.

என் வீட்டுக்காரர் பழனியாத்தாளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தொண்டாமுத்தூர் வருவதற்குள் மோட்டார் ரூம்வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. மீதியை அடுத்த வாரம் கேட்கிறேன் என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். அடுத்த வாரமும் இதே பஸ்ஸில் மூன்று பேரும் வருவோம் என்று நான் சொன்னேன்.